ஏரி ஓரத்து மேட்டில் மனைப்பிரிவு வரப்போகிறது: சோதனைக் குழிக்கு முன்னால் எதைப் பதிய வேண்டும்?

ஊர்மேடு கேட்டது:

வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் ஏரியை ஒட்டி ஒரு மேடு. 2 ஏக்கர் 40 சென்ட். நடுவில் சுற்று வயலைவிட 1.8 மீட்டர் உயரம். வடபாதி பட்டா, தென்பாதி அ-பதிவேட்டில் 'கல்லாங்குத்து' புறம்போக்கு. பட்டா நிலத்தில் மனை போட எல்லைக்கல் நட்டுவிட்டார்கள். புறம்போக்கில் சாலை வேலைக்கு மண் எடுக்கப் பேச்சு நடக்கிறது. வடகிழக்கு மூலையில் ஏற்கெனவே ஜேசிபி வைத்து 14 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் ஆழம் வெட்டியிருக்கிறார்கள்.

மேலாகக் கிடப்பவை: கருப்பு-சிவப்புப் பானை ஓடு நிறைய, தடித்த தாழி (பெரிய பானை) விளிம்பு 2, சிட்டங்கல் (இரும்பு உருக்கிய கசடு), தென் சரிவில் பெரிய செங்கல் துண்டுகளும் கூரை ஓடும். தெற்கே 300 மீட்டர் தள்ளி வட்டமாகக் கல் கிடக்கும் இடம் 3. ஊரில் அதைப் பாண்டவர் குழி என்கிறார்கள்.

மேடு உண்மையிலேயே வாழ்விடமா, எங்கிருந்து எங்கே வரை, எவ்வளவு ஆழம் என்று காட்டினால்தான் அதிகாரிகள் காது கொடுப்பார்கள் போலிருக்கிறது. கல்லூரி மாணவர்கள் 8 பேர் வரத் தயார். நாங்களே 1×1 மீட்டரில் இரண்டு குழி போட்டுப் பார்க்கலாமா? கூடாது என்றால், குழி இல்லாமல் எது வரை நிறுவலாம்?

---

சல்லடை எழுதியது:

குழி போடாதீர்கள். ஒன்றுகூட வேண்டாம்.

1958ஆம் ஆண்டு தொல்லியல் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, பாதுகாக்கப்படாத நிலத்தில் தோண்டுவதற்கு மாநில அரசே மத்திய அரசின் முன் அனுமதி பெற வேண்டும். பல்கலைக்கழகங்களும் டெல்லிக்கு விண்ணப்பித்து உரிமம் வாங்கித்தான் தோண்டுகின்றன. 'சோதனைக் குழி, சின்னதுதானே' என்ற சலுகை எங்கும் இல்லை. நீங்கள் போடும் குழியைக் காட்டியே 'இவர்களும்தான் தோண்டினார்கள்' என்று எதிர்த்தரப்பு பேசும். பொன், காசு ஏதும் கிடைத்து ஆட்சியரிடம் சொல்லாமல் இருந்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வேறு குறுக்கே வரும். அதில் வரம்பு 10 ரூபாய் மதிப்புதான்.

உங்களுக்கு ஒரு குழி ஏற்கெனவே இலவசமாகக் கிடைத்திருக்கிறது. ஜேசிபி வெட்டின 14 மீட்டர். அந்த வெட்டுமுகம் 1×1 குழி பத்து போட்டாலும் காட்டாததைக் காட்டும். சுரண்டவோ நேராக்கவோ வேண்டாம். உதிர்ந்து படிந்த தூசியை மட்டும் மென்மையான தூரிகையால் தட்டுங்கள். காலை 7 மணி வாக்கில், வெயில் சாய்வாக விழும்போது படம். 2 மீட்டர் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொரு படமும் அடுத்ததோடு பாதிக்குப் பாதி மேற்படியும்படி முழு நீளத்துக்கும் எடுத்தால் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். வெட்டின் உச்சியில் இரு முனைக்கும் மட்டக்கயிறு கட்டி, ஒவ்வொரு மீட்டருக்கும் மண் நிறம் மாறும் ஆழத்தைக் கயிற்றிலிருந்து அளந்து வரைதாளில் 1:20 அளவில் வரையுங்கள். சாம்பல் பட்டை, சுட்ட மண், அடியில் கிண்ணம் போல இறங்கும் கருமண், இவை தெரிந்தால் அங்கே மக்கள் இருந்திருக்கிறார்கள். கிண்ணம் போல இறங்குவது பெரும்பாலும் கன்னிமண்ணுக்குள் (மனிதர் கை படாத அடிமண்) வெட்டிய பழைய குழி.

வெட்டு ஒன்றோடு நிற்காதீர்கள். மேட்டைச் சுற்றிக் கிணற்றுச் சுவர், மின்கம்பம் நட எடுத்த குழியின் மண், பெருச்சாளி வளையின் வாய், கரையான் புற்று என எல்லாமே அடியிலிருக்கும் மண்ணை மேலே கொண்டுவந்து போட்டவை. வளை வாயில் ஓட்டாஞ்சில்லும் சாம்பலும் வந்திருந்தால் அந்த இடத்தில் அடியிலும் சரக்கு இருக்கிறது.

---

புலப்படம்11 எழுதியது:

சல்லடை சொன்னதோடு ஒன்று. தாசில்தார் மேசையில் 'தொன்மையான மேடு' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. சர்வே எண், உட்பிரிவு எண், எத்தனை சென்ட், இதற்குத்தான் மதிப்பு. மண் எடுக்கும் அனுமதிச் சீட்டிலும் சர்வே எண்தான் இருக்கும். உங்கள் வரைபடத்தில் அதே எண் இருந்தால் கோப்பு நகரும்.

கைப்பேசி ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள், 5 மீட்டர் தாராளமாக விலகும். மரத்தடியில் இன்னும் மோசம். புலப்படத்தை (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) இ-சேவைத் தளத்தில் எடுத்து, களத்தில் இருக்கும் சர்வே கல் இரண்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து நாடா பிடித்து அளவெடுங்கள். பழைய புலப்படத்தில் அளவு லிங்க்கில் இருந்தால் 1 லிங்க் 20.1 செ.மீ. இதை மீட்டர் என்று நினைத்து மேட்டையே ஐந்து மடங்கு பெரிதாக்கிய வரைபடங்கள் உண்டு. புதிதாக நட்ட மனைக் கல்லை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம், அது நாளைக்கு இடம் மாறும்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வேலை செய்தால் ஆயத்தொலைவு முறை யுடிஎம் மண்டலம் 44 வடக்கு. பழைய நில அளவைத் துறை வரைபடத் தாளில் (டோபோ ஷீட்) வேலூர் நகரம் 57 P/1. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால் மேடு எந்த ஆண்டு வரை முழுசாக இருந்தது, எப்போது மூலை போனது என்று தேதியோடு காட்டலாம். அது சேதத்துக்கான சான்று.

பழைய அறிக்கைகளைத் தேடும்போது 'வட ஆர்க்காடு மாவட்டம்' என்றும் தேடுங்கள். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அதனால் ஒரே பெயரில் குறித்த இடங்கள் இன்று நான்கு மாவட்டத்தில் கிடக்கின்றன. உங்கள் மேடு முன்பே பட்டியலில் இருந்து, மாவட்டப் பெயர் மாறியதால் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம்.

---

ஓட்டாஞ்சில்லு எழுதியது:

எல்லாரும் மேட்டை நம்பிவிட்டீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஏரியை ஒட்டிய நிலம் என்றாலே முதலில் கேட்க வேண்டியது: இங்கே வண்டல் அடித்திருக்கிறார்களா? நம் பக்கம் கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக வயலுக்குக் கொண்டுபோவது காலங்காலமாக நடக்கிறது. ஏரிக்குள்ளேயே பழைய ஊரோ ஈமக்காடோ மூழ்கிக் கிடந்தால், அங்குள்ள ஓடு வண்டலோடு சேர்ந்து வயலுக்கு வந்துவிடும். மேலே பார்த்தால் அருமையான தொல்லியல் மேடு. குழி போட்டால் ஏர் முனை இறங்கும் 15, 20 செ.மீ.க்குக் கீழே ஒன்றுமே இருக்காது. எருக்குழி மண் இன்னொரு ஏமாற்று. ஊரில் உடைந்த பானை எருவோடு வயலுக்குப் போகும். சின்னச் சின்னதாக, எங்கும் ஒரே சீராக, எண்ணிக்கை குறைவாகப் பரவும்.

வேறுபாடு ஓட்டின் விளிம்பில் தெரியும். நீரில் உருண்டு வந்தது, பல தடவை ஏர் அடித்தது, இவற்றின் உடைந்த ஓரம் மழுங்கியிருக்கும், இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இராது. அங்கேயே புதைந்திருந்து அண்மையில் மேலே வந்ததன் ஓரம் கூராக இருக்கும், துண்டு பெரிது, ஒரே பானையின் இரண்டு மூன்று துண்டு அருகருகே கிடந்து பொருந்தவும் செய்யும். பொருந்தும் துண்டு ஒரு ஜோடி கிடைத்தாலே பாதி சந்தேகம் தீர்ந்தது.

எண்ணும் முறை: மேட்டின் மீதும், வெளியே நாலாபுறமும் குறைந்தது 40 மீட்டருக்கும், 20 மீட்டருக்கு ஒரு புள்ளி குறியுங்கள். ஒரு முளைக்குச்சியில் 1.13 மீட்டர் கயிறு கட்டிச் சுற்றினால் வட்டத்தின் பரப்பு 4 சதுர மீட்டர். அதற்குள் கிடக்கும் ஓட்டை மட்டும் எண்ணுங்கள். மேட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 24 வட்டம் வரும், அதாவது பரப்பில் 1 விழுக்காடு. கருப்பு-சிவப்பு, சிவப்பு, கருப்பு, தடித்த தாழி, கூரை ஓடு, செங்கல், சிட்டங்கல் என்று தனித்தனி எண்ணிக்கை. விளிம்புத் துண்டுக்குப் படம். பையில் போட வேண்டாம், எண்ணி அங்கேயே விடுங்கள். வெளி வட்டங்களை விட்டுவிட்டு மேட்டை மட்டும் எண்ணுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. ஓடு எங்கே நிற்கிறது என்று காட்டாமல் எல்லை என்று எதைச் சொல்வீர்கள்?

எண்ணுவதற்கு முன் 10 மீட்டர் இடைவெளியில் 8 பேரும் வரிசையாக ஒரு நடை நடந்துவிடுங்கள். ஆளுக்கு இரு பக்கமும் 1 மீட்டர்தான் உண்மையில் கண்ணுக்குப் படும், ஆக 20 விழுக்காடு நிலம். ஓடு தென்பட்ட இடமெல்லாம் கொடி. பேசிக்கொண்டே நடந்தால் தவறும். 40 நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையில் ஆளை மாற்றுங்கள், ஏனென்றால் ஒருவர் கண்ணில் படுவது இன்னொருவர் கண்ணில் படாது.

பருவம் முக்கியம். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி, உழுது, ஒரு மழை அடித்துக் கழுவின மறுவாரம் போல வேறு நேரம் கிடையாது. நெல் நிற்கும்போதும், சீமைக்கருவேலம் மூடின பகுதியிலும் 'ஓடு இல்லை' என்று எழுதக் கூடாது, 'பார்க்க முடியவில்லை' என்றுதான் எழுத வேண்டும்.

தென் சரிவுச் செங்கல்: நீளம், அகலம், கனம் மூன்றும் முழுசாக உள்ள கல் ஒன்றாவது கிடைக்கிறதா பாருங்கள். பக்கத்தில் பழைய செங்கல் சூளை இருந்ததா என்றும் விசாரியுங்கள். சூளைக் கழிவு உருகிக் கண்ணாடி போல மினுக்கும், சிட்டங்கல் என்று நினைத்துவிடலாம். சிட்டங்கல் கைக்குக் கனமாக இருக்கும், துரு நிறம் ஓடும், காந்தம் பெரும்பாலும் கொஞ்சமாவது பிடிக்கும். ஊதுகுழாய்த் துண்டு, அதாவது நடுவில் ஓட்டை போட்ட சுட்ட மண், கூடக் கிடந்தால் இரும்பு உருக்கிய இடம் என்று துணிந்து எழுதலாம்.

---

கல்வட்டம் எழுதியது:

மேட்டைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த 3 கல்வட்டம், அதாவது பழைய ஈமச்சின்னம் போலத் தெரிபவைதான் கவலை. கல்லாங்குத்து, கரடு என்று பதிவேட்டில் உள்ள நிலம்தான் குவாரிக்கும் மனைப் பட்டாவுக்கும் முதலில் போகும். விளையாத நிலம் என்பதால்தான் அந்தக் காலத்திலும் அங்கே புதைத்தார்கள், இந்தக் காலத்திலும் அதைத்தான் முதலில் எடுத்துக்கொடுக்கிறார்கள்.

ஒவ்வொரு வட்டத்துக்கும் உள் விட்டம், வெளி விட்டம், நிற்கும் கல் எத்தனை, சாய்ந்தது எத்தனை, நடுவில் கற்குவை எவ்வளவு உயரம், பலகைக்கல் முனை தெரிகிறதா, தெரிந்தால் இடுதுளை (பலகைக்கல்லில் வெட்டிய துளை) எந்தத் திசை. கல்லில் வரிசையாக உளிக் குழி இருந்தால் கல்லுடைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள், தேதியோடு படமெடுங்கள். உழவர்கள் வயலில் பொறுக்கிக் குவித்த கல்லும் தூரத்திலிருந்து கற்குவை மாதிரியே இருக்கும். அதில் சின்னக் கல்லும் பெரிய கல்லும் கலந்து, வரப்போரமாக, வட்டமில்லாமல் கிடக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நாளைக்கு உரிமத்தோடு குழு வந்தாலும் கல்வட்டத்தின் நடுவில் 1×1 குழி போட விடாதீர்கள். ஈமச்சின்னத்தில் சோதனைக் குழி என்பது சின்னத்தை அழிப்பதுதான். தோண்டினால் முழு வட்டத்தையும் நான்கு கால்வட்டமாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டை முதலில் எடுத்து, நடுவில் நிற்கும் மண்சுவரில் அடுக்கைப் படித்த பிறகே மற்ற இரண்டையும் எடுக்க வேண்டும். வந்தவாசி வட்டத்தில் கீழ்நமண்டியின் ஈமப்பேழைப் (சுடுமண் பேழை) புதைப்புக்கு கி.மு. 1692 என்ற காலத்தைத் தமிழகத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்டது. ஒரு சிட்டிகை கரியும் அது கிடந்த இடமும் சேர்ந்தால்தான் அப்படி ஓர் எண் வரும். அவசரக் குழியில் கரி கிடைக்கும், இடம் போய்விடும்.

இன்னொன்று, முகநூலில் இடத்தின் புள்ளியைப் போடாதீர்கள். கல்வட்டம் என்றால் புதையல் என்று இரவில் கடப்பாரையோடு வருகிற கூட்டம் இன்னும் இருக்கிறது.

---

ஊர்மேடு எழுதியது:

குழி எண்ணத்தை விட்டுவிட்டோம். வண்டல் கேள்வி நல்ல அடி: பட்டா பாதியில் வண்டல் அடித்தது உண்மை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். புறம்போக்கில் யாரும் அடித்ததில்லை. வெட்டுமுகத்தில் மேலிருந்து 20 செ.மீ. உழவு மண், அதன்கீழ் 70 செ.மீ. வரை சாம்பல் கலந்த மண் ஓட்டோடு, பிறகு 30 செ.மீ. சுத்தமான மணல், ஓடே இல்லை. அதற்குக் கீழே பள்ளத்தில் மண் சரிந்து மூடியிருக்கிறது. மணல்தான் கன்னிமண் என்று எடுத்துக்கொள்ளலாமா? துறை வந்தால் எத்தனை குழி கேட்பது?

---

குழிநோட்டு எழுதியது:

மணலைக் கன்னிமண் என்று எழுதிவிடாதீர்கள். ஏரி உடைப்போ ஆற்று வெள்ளமோ ஒரே நாளில் அவ்வளவு மணலைக் கொண்டுவந்து போடும். 1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடிக்குள் வெள்ளம் புகுந்தது தெரியும்தானே. ஓடில்லாத மணலுக்கு அடியில் இன்னும் பழைய குடியிருப்பு இருக்கலாம். முதல் வெறுமண்ணோடு குழியை மூடுவதுதான் சோதனை அகழாய்வில் அதிகம் நடக்கும் பிழை. நம் பக்கம் நம்பிக்கையான அடி என்றால் சுக்காம்பாறையோ, கலப்பில்லாத மொரம்போ (சரளை மண்). அதுவரை போக முடியாவிட்டால் குழியின் மூலையில் கை ஆகர் (கையால் திருகி மண் துளைக்கும் கருவி) இறக்கி இன்னும் 1 மீட்டர் பார்க்க வேண்டும்.

இந்த மேட்டுக்கு நான் கேட்பது: உச்சியில் 2×2 மீட்டரில் ஒன்று. 1.2 மீட்டருக்குக் கீழே 1×1 குழிக்குள் ஆள் குனிந்து வேலை செய்ய முடியாது, சுவரும் சரியும். அதனால் ஆழம் போக வேண்டிய இடத்தில் அகலம் வேண்டும், தேவைப்பட்டால் படி வைத்து இறங்க வேண்டும். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு விளிம்புகளில் 1×1 நான்கு. அவை உங்கள் ஓட்டு எண்ணிக்கை சடாரென்று விழும் இடத்துக்குச் சற்று உள்ளே விழட்டும். எல்லைக்குச் சான்று அங்கேதான். ஆறாவது வேலை ஜேசிபி வெட்டுமுகத்தைச் சரிந்த மண் நீக்கி நேராக்குவது. உச்சிக் குழி 2.2 மீட்டர், விளிம்புக் குழிகள் 1.2 மீட்டர் என்று வைத்தால் மொத்தம் 13.6 கன மீட்டர் மண். இதையே கடிதத்தில் எழுதுங்கள். 'விரிவான அகழாய்வு வேண்டும்' என்று கேட்டால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும்.

இறங்குவது 10 செ.மீ. தட்டாக. மண் நிறம் மாறினால் தட்டு பாதியில் இருந்தாலும் நிறுத்திப் புது எண். 2×2இல் ஒரு தட்டு 0.4 கன மீட்டர், தளர்ந்தால் 500 லிட்டர், 10 லிட்டர் சட்டியில் 50 சட்டி. சட்டிக் கணக்கை எழுதுங்கள். 'இந்தத் தட்டில் ஓடு அதிகம்' என்பது மண் அதிகம் என்பதாலும் இருக்கும். எல்லா மண்ணும் 5 மி.மீ. சல்லடையில். அடுப்பு, சாம்பல், குழி நிரவல் என்றால் 2 மி.மீ., இல்லாவிட்டால் பாசிமணி முழுவதும் மண்மேட்டுக்குப் போகும். களிமண் கட்டியைச் சல்லடையில் தேய்க்காதீர்கள், ஓடு தேயும். ஊறவைத்துக் கரையுங்கள்.

சாம்பல் மண்ணில் 10, 20 லிட்டரைத் தனியாக எடுத்து, தொட்டி நீரில் கலக்கி, மிதப்பதை மெல்லிய துணியில் வடித்து நிழலில் காயவிட வேண்டும். பையம்பள்ளி அகழாய்வில் (திருப்பத்தூர் பக்கம்) 1960களில் கரிந்த கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. காலக்கணிப்புக்கு மரக்கரியைவிடப் பயறு மேல். நூறு வருஷ மரத்தின் உட்பாகம் எரிந்திருந்தால் வரும் காலம் அந்த அளவுக்குப் பழசாகக் காட்டும், பயறு அந்த ஆண்டு விளைந்தது. கரியைக் கையால் தொடாமல் அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். பஞ்சும் காகிதமும் கூடாது.

ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் இதே வேலை செய்பவர்கள் கவனிக்க: மண்ணோ குழி நீரோ மஞ்சள், பச்சை என்று நிறம் காட்டினால் கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். தோல் பதனிடுதலும் குரோமியக் கழிவும் உள்ள நிலம்.

---

சல்லடை எழுதியது:

5 மி.மீ. விஷயத்தில் உடன்பாடில்லை. உழவு மண் 20 செ.மீ.யைச் சலிப்பது நேர விரயம், எல்லாம் கலங்கியது. அதில் ஐந்தில் ஒரு சட்டி போதும், அடியில் நேரத்தைச் செலவிடலாம்.

---

ஓட்டாஞ்சில்லு எழுதியது:

வேறு இடத்தில் சரி. இங்கே வண்டல் சந்தேகம் இருக்கிறதே. உழவு மண்ணின் ஓடும் அடுத்த தட்டின் ஓடும் ஒரே வகையா, ஒரே அளவா என்று ஒப்பிட வேண்டும். வடக்கு விளிம்புக் குழியில் மட்டுமாவது முழுசாகச் சலியுங்கள்.

---

சல்லடை எழுதியது:

வடக்குக் குழிக்கு ஒப்புக்கொள்கிறேன்.

---

புலப்படம்11 எழுதியது:

ஊர்மேடு, குழிக்கு உரிமம் வர மாதங்கள் ஆகும், ஜேசிபி அடுத்த வாரமே வரும். அதனால் மனுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று ஆட்சியருக்கு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில்: இந்தச் சர்வே எண்களில் ஆய்வு முடியும் வரை மண் எடுக்கவும் மனை அங்கீகாரத்துக்கும் நிறுத்தம். நகல் கனிமவளத் துறைக்கும் தாசில்தாருக்கும். மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். இன்னொன்று எழும்பூரில் உள்ள மாநிலத் தொல்லியல் துறைக்கு: குழிநோட்டு சொன்ன ஆறு வேலை, 13.6 கன மீட்டர். 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கும் கோரிக்கையும் அதில் இருக்கட்டும். வேலூர் கோட்டைக்கு இருப்பது போன்ற 100 மீட்டர் தடை, அதைத் தாண்டி 200 மீட்டர் கட்டுப்பாடு எல்லாம் மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குத்தான். உங்கள் மேட்டுக்கு இப்போது அது பொருந்தாது. மனுவில் அதை எழுதினால் முதல் பார்வையிலேயே தள்ளிவிடுவார்கள்.

பட்டாதாரரிடமும் பேசுங்கள். வண்டல் கதை உறுதியானால் வடபாதியில் பெரும்பகுதி விடுபடலாம், அவர் எதிர்க்க வேண்டிய காரணமே இருக்காது. மேடும் கல்வட்டமும் வேறு வேறு சர்வே எண் என்பதால் இரண்டுக்கும் தனித்தனி மனு. ஒன்று தள்ளுபடியானால் மற்றது நிற்கும்.

---

ஊர்மேடு எழுதியது:

நன்றி. வெட்டுமுகப் படங்களும் 24 வட்டத்தின் எண்ணிக்கையும் வெளிவட்டங்களோடு ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுகிறேன். சர்வே எண்ணை மறைத்துத்தான்.